காற்றுக் கம்பெனி குவின்டர்

என் கடையில் இடம் கேட்டு வருகிறவர்கள் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் நாற்காலியைத்தான் கேட்பார்கள். குவின்டர் அக்கேயோ சுவரில் இருந்த பிளக் பாயின்டைக் கேட்டாள்.

"லென்சா அக்கா, உங்க பின்னறையில கரண்டு ஒழுங்கா வருதுல்ல? அந்த பிளக்கும், அதுக்குக் கீழ ஒரு மேசை போடற இடமும் எனக்கு வாடகைக்குக் குடுப்பீங்களா?"

ஏரிக்கரை ஊரான ம்பிட்டாவில், மட்டாட்டு என்கிற சின்ன பஸ் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே, பெண்களுக்கு முடி பின்னும் கடை வைத்திருக்கிறேன். பின்னறையில் சவுரிமுடிப் பெட்டிகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒல்லி உடம்பு. ஒட்ட வெட்டிய தலை. என் தொழிலுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாத தலை. நைரோபியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள் என்று அவள் அம்மா தேவாலயத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிக்கொண்டிருந்ததால் ஊருக்கே அவளைத் தெரியும்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களாடி?" என்றேன்.

"இல்லக்கா, நானா விட்டேன்."

"நானும் என் மொதப் புருஷனப் பத்தி இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே வாடகையில் பாதியைக் குறைத்தேன்.

உண்மையிலேயே அவளாகத்தான் விட்டிருக்கிறாள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. பெரிய நிறுவனங்களுக்குப் போன் செய்தால், 'இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும், தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு குரல் பேசுமே, அந்தக் குரலுக்குப் பின்னால் ஓடும் நிரலை எழுதுவதுதான் அவளுடைய வேலை. ஒருநாள் அவள் அம்மா ஏதோ கணக்கின் ரகசிய எண்ணை மறந்துவிட்டு அப்படி ஓர் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். நாற்பது நிமிடம் காத்திருந்தாராம். சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து, "அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா பேசுச்சு, பாவம். நானும் நன்றிம்மா நன்றிம்மான்னு சொன்னேன். ஆனா நான் சொன்னது ஒண்ணையும் அது காதுல வாங்கல. காது கேக்காத பொண்ணோ என்னமோ" என்றாராம்.

அந்தப் பெண்ணை எழுதியது தான்தான் என்று குவின்டரால் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. நான்கு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு மடிக்கணினியோடு ஊருக்கு வந்துவிட்டாள்.

அவள் செய்ய நினைத்தது இதுதான். எங்கள் ஏரி சொல்லாமல் கொள்ளாமல் புரளும். வானொலியில் வானிலை சொல்வார்கள். நாட்டின் மேற்குப் பகுதியில் சில இடங்களில் காற்று வீசக்கூடும் என்பார்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு என்று படகில் ஏறுகிறவனுக்குத் தெரியாது. குவின்டர் கரையிலும் மலையிலும் தீவிலுமாக மூன்று இடங்களில் கிண்ணம் சுழலும் காற்றுமானிகளைப் பொருத்தினாள். அவை அனுப்பும் அளவையும், வானிலைத் துறை வெளியிடும் விவரத்தையும் அவளுடைய நிரல் சேர்த்துப் பார்க்கும். மீன்பிடிக்கிறவன் தன் பட்டன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். அது திருப்பிக் கூப்பிட்டு, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எங்கள் லுவோ மொழியிலேயே சொல்லும்.

கம்பெனிக்கு யாமோ என்று பெயர் வைத்தாள். எங்கள் மொழியில் காற்று. பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, என் கடையில் பின்னல் மாதிரிப் படங்களுக்கு நடுவில் மாட்டினாள். வருகிறவர்கள் அதையும் ஒரு பின்னல் மாதிரி என்று நினைத்து உற்றுப் பார்ப்பார்கள்.

பெயரைக் கேட்டதும் கரைத் தலைவர் ஓக்வேனோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவருக்கு எட்டுப் படகுகள். மீன் இறங்கும் கரையில் அவர் சிரித்தால் நூறு பேர் சிரிப்பார்கள்.

"பேருக்கு ஏத்த மாதிரி ஆபீசும் காத்து வாங்குதாமே?" என்றார்.

"அதான் தலைவரே, காத்த வாங்கி உங்களுக்கு விக்கப் போறேன்" என்றாள் குவின்டர்.

"எங்களுக்கு ஓசியிலயே வருதும்மா, வேணாம் வேணாம்னாலும் வருது!"

முதல் நான்கு மாதம் காற்று வாங்கியது உண்மைதான். தொண்ணூறு படகுகளில் பன்னிரண்டுதான் சேர்ந்தன. அந்தப் பன்னிரண்டு பேரும்கூட காற்றைக் கேட்கச் சேரவில்லை. கிசுமு நகர வானொலியில் பேசும் ஒரு பெண்ணை அழைத்து வந்து குவின்டர் குரல் பதிவு செய்திருந்தாள். தேன் வழியும் குரல். பையன்கள் கரையில் வட்டமாக உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுப்பார்கள். போன் திரும்ப வந்து, "அன்பான மீனவ நண்பரே" என்று தொடங்கியதும், "சொல்லு கண்ணு!" என்று கத்துவார்கள். ஒருவன் அந்தக் குரலிடம் கல்யாணமே பேசிவிட்டான். மாலை ஏழு மணிக்குப் பலத்த காற்று என்று அது கெஞ்சியதைக் கேட்டுவிட்டு, ஆறரைக்குப் படகில் ஏறிப் போனான்.

"அக்கா, நான் மறுபடியும் அதே பொண்ணத்தான் செஞ்சிருக்கேன்" என்றாள் என்னிடம். "அதே மரியாதை. அதே செவிடு. இந்தத் தடவ கேக்குறவங்களும் செவிடு."

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. மக்காச்சோளக் களியான உகாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடி உலர்த்தும் இயந்திரத்தின் கீழே டோர்சிலா இருந்தாள்.

டோர்சிலாவை ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. செமே பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் நியார் செமே, செமேயின் மகள், என்றுதான் சொல்வோம். ஓமெனா வியாபாரி. விரல் நீளம்கூட இல்லாத அந்த வெள்ளிநிற மீனை விடியற்காலையில் படகிலேயே விலை பேசி வாங்கி, காயவைத்து, மூட்டை மூட்டையாகக் கிசுமுவுக்கு அனுப்புவாள். அவளுக்கு இரண்டு படகுகளும் உண்டு. குரல் எப்படி என்றால், அவள் கரையில் பேசினால் மட்டாட்டு நிறுத்தத்தில் பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிக்கொண்டு அவள் போனில் பேசினாள்.

"ஏண்டா, எங்கடா நிக்குற? படகுலயா? எறங்கு! எறங்குடாங்குறேன்! தெக்கால வானம் கருத்துக் கெடக்கு, ஒனக்குக் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? ஒம் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணுமா? வலைய மடிச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போயித் தூங்கு. போனியா? போயிட்டுக் கூப்பிடு!"

போனை மடியில் போட்டாள். ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. "ம், போயிட்டியா, சரி" என்றாள்.

குவின்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அம்மா, அவன் நெஜமாவே எறங்கிட்டானா?"

"எறங்காம என்ன பண்ணுவான்?" என்றாள் நியார் செமே.

குரலைப் பதிவு செய்வது அத்தனை லேசாக நடக்கவில்லை. என் பின்னறையில் சவுரிமுடிப் பெட்டிகளைச் சுற்றி அடுக்கி நடுவில் அவளை உட்கார வைத்தோம். எதிரொலி இல்லாமல் இருக்க அதைவிட நல்ல இடம் கிசுமுவில்கூடக் கிடைக்காது என்றாள் குவின்டர். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டதும் நியார் செமே பிரசங்கம் செய்யும் ஊழியக்காரர் மாதிரிப் பேச ஆரம்பித்தாள். "காற்று... வருகிறது."

"அம்மா, கரையில பேசற மாதிரி பேசுங்க."

"யாருகிட்ட பேசறது? இந்த இரும்புக்கிட்டயா? எனக்கு மூஞ்சி வேணும்டி!"

நான் எதிரே உட்கார்ந்தேன். என்னைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தலை என் கையில் இருக்கிறதே. கடைசியில் குவின்டர் கரைக்கு ஓடி, என்ன சொன்னாளோ, ஓக்வேனோவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் பெட்டிகளுக்கு நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "பாடு நியார் செமே, கேப்போம்" என்றார். அவ்வளவுதான். போன வருடம் அவர் மீனை எடை குறைத்துக் கொடுத்ததிலிருந்து தொடங்கினாள். குவின்டர் ஒரு காகிதத்தைத் தூக்கித் தூக்கிக் காட்ட, வசவுக்கு நடுவே வேண்டிய சொற்களெல்லாம் வந்து விழுந்தன. தெற்கு. மேற்கு. ஆறு மணிக்கு மேல. போகாதே. போய்ட்டு வா. மூன்று மதியம் ஆனது. ஓக்வேனோ மூன்று நாளும் வந்தார். வராமல் இருக்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு போன் இப்படிப் பேசியது: "டேய், கேளு. இன்னிக்கு ஆறு மணிக்கு மேல. தெக்கத்திக் காத்து. பெருசு. போகாத. வீட்டுல இரு."

முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிரித்துக்கொண்டே வீட்டில் இருந்தார்கள். மூன்று மாதத்தில் எங்கள் கரையோடு பக்கத்துக் கரைகளும் சேர்ந்து இருநூறு படகுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஒன்றுமில்லாத நாளில்கூட, திட்டு வாங்குவதற்கென்றே மிஸ்டு கால் கொடுப்பவர்கள் இருந்தார்கள். நியார் செமேயின் கணவர் மட்டும் என் கடை வாசலில் வந்து பரிதாபமாக நின்றார். "வீட்டுலேந்து தப்பிச்சு ஏரிக்குப் போவேன். இப்ப அங்கயும் இவ வந்துட்டா."

குவின்டர் இரண்டு பேரை வேலைக்கு வைத்தாள். பின்னறை போதாமல் என் முன்னறைக்கும் கம்பிகள் வந்தன. அவள் அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான்: ஓய்வுநாளான சனிக்கிழமை அந்த எந்திரம் வேலை செய்யலாமா? "காத்து சனிக்கிழமை லீவு எடுக்குமாம்மா?" என்றாள் மகள். அம்மா பாதிரியாரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. நிலவு இல்லாத நாட்கள். விளக்கு வைத்துப் பிடிக்கும் ஓமெனாவுக்கு அதைவிட நல்ல நாட்கள் கிடையாது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் போன், "போகாத, பெருசு" என்றது. யாரும் போகவில்லை. அன்று ஏரி எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. சரி, தப்பித்தோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் போன் அதையே சொன்னது. ஏரி அசையவில்லை. புதன்கிழமையும் அப்படியே. வியாழன் காலையில், எங்கள் போனில் சேராத தீவுக்காரர்கள் மூன்று நாள் அள்ளிய மீனை எங்கள் கரை வழியாகவே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று காலை நியார் செமே கரைக்குப் போனபோது ஒரு படகிலும் மீன் இல்லை; அவளுடைய இரண்டு படகுகளும் கரையில்தான் கிடந்தன. "போகாத, வீட்டுல இரு" என்று அவள் குரலிலேயே அவளுக்குச் சொல்லிக் காட்டினார்களாம். அவள் ஓக்வேனோவைப் பார்த்தாள். ஓக்வேனோ வலையைப் பார்த்தார்.

காலித் தொட்டிகளைத் தலையில் வைத்தபடியே நேராக என் கடைக்குள் வந்தாள். நாற்காலியில் இருந்த பெண்ணின் தலையை அப்படியே விட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் ஏழைதான் குவின்டர். ஆனா இருபது வருஷமா இந்தக் கரையில என் வாய்தான் என் முதல். நான் ஒரு வெல சொன்னா வெலதான். நான் நல்ல மீனுன்னா நல்ல மீனுதான். அந்த வாய வாங்கிட்டுப் போயி, அதுல பொய் சொல்ல வச்சுட்டியே. அதத் திருப்பிக் குடு."

 குவின்டர் எழுந்து போய், அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் நிறுத்தினாள். அந்தச் சின்னப் பச்சை விளக்குகள் அணைந்ததை நியார் செமே நின்று பார்த்துவிட்டு, தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் நைரோபியிலிருந்து மூன்று பேர் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர்கள். இரண்டு மாதமாக அவர்களுக்குக் கடிதம் எழுதி எழுதி வரவழைத்திருந்தாள். வந்தார்கள். நான் சோடா வாங்கி வைத்தேன். அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண் எண்ணை அழுத்தினாள். திருப்பி அழைப்பு வரவில்லை.

"நிறுத்தி வச்சிருக்கேன்" என்றாள் குவின்டர்.

"இன்னிக்கா? நாங்க வர்ற அன்னிக்கா?"

"மூணு நாள் தப்பாச் சொல்லிடுச்சு. ஏன்னு இன்னும் தெரியல. குரல் குடுத்த அம்மாவும் அதத் திருப்பிக் கேட்டுட்டாங்க."

"அந்தம்மா குரல்தானே வேணாங்குறாங்க? பழைய குரல் இருக்குல்ல, அதப் போட்டுக் காட்டுங்களேன்."

"குரல்ல தப்பில்லீங்க. தப்பு எங்கன்னு தெரியாம எந்தக் குரல்லயும் நான் பேச வைக்க மாட்டேன்."

அவர்கள் மரியாதையாகச் சோடாவைக் குடித்தார்கள். மரியாதையாகக் கை கொடுத்தார்கள். வண்டி கிளம்பியதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒரு மணி நேரம் ஓட விட்டிருந்தா என்னடி கொறஞ்சு போயிருக்கும்?"

"அக்கா, என்னத் திட்டணும்னா நாளைக்குத் திட்டுங்க. இன்னிக்கு இதக் கொஞ்சம் பாருங்க."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். மூன்று காற்றுமானிகளில் ஒன்று, மலைச்சரிவில் ஓர் ஆரம்பப் பள்ளிக் கூரையில் இருந்தது. அதன் கோடு மட்டும் அந்த வாரம் முழுவதும் உயரத்தில் இருந்தது. காலை எட்டு மணிக்கு ஏறி, சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கியது. நடுவில், தினமும் ஒன்றிலிருந்து இரண்டுவரை, ஒரு பள்ளம்.

"காத்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகுமாக்கா?" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு நாளாக அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குக் கணினி தெரியாது. ஆனால் வேலைக்காரர்களை வைத்துக் கடை நடத்துகிறேன். "காத்து போகாது. ஆளுதான் போவான்" என்றேன்.

ஒரு மோட்டார் சைக்கிள்காரனைப் பிடித்து, மூவரும் ஒரே வண்டியில் மலையேறிப் போனோம். பள்ளிச் சுவரை ஒட்டிப் புதிதாகத் தகரக் கொட்டகை. உள்ளே மாவு மில். மக்காச்சோளம் அரைக்கும்போது தூசியை வெளியே தள்ள ஒரு பெரிய விசிறி, சரியாகக் காற்றுமானியின் மூஞ்சிக்கு நேரே. மில்காரர் எங்களை வரவேற்றார். "திங்கக்கிழமதான் தெறந்தோம். அரைக்கணுமா?"

குவின்டர் அந்த மாவுத்தூசியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டும்தான் என்று தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் கரையில் மீனவர் கூட்டம். அதில் பேசுவதாகச் சொன்னாள். "மில்ல பத்திச் சொல்லாத. ஏதோ சாட்டிலைட்டு கோளாறுன்னு சொல்லு, யாருக்குத் தெரியப் போகுது" என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் பக்கத்தில் நின்று சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். காற்றுமானியை மாட்டியதோடு சரி, திரும்பப் போய்ப் பார்க்கவில்லை என்றாள். மூன்று நாள் மீன் போனது தன்னால்தான், நியார் செமேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள். 



"இரு இரு" என்றார் ஓக்வேனோ. "யாரோ ஒருத்தி மில்லுல மாவு அரைச்சா. அதக் கேட்டு உன் எந்திரம் புயல்னு நெனச்சுது. அதக் கேட்டு நாங்க இருநூறு படகு ஆம்பளைங்களும் கதவச் சாத்திட்டுப் படுத்துக்கிட்டோம். அப்படித்தானே?"

"அப்படித்தான் தலைவரே."

முதலில் அவருடைய வயிறுதான் குலுங்கியது. பிறகு கரை முழுவதும் சிரித்தது. ஒருவன் மாவு சலிப்பது மாதிரிக் கையை ஆட்டி, "ஐயோ புயலு!" என்று மணலில் விழுந்து புரண்டான். ஆனால் ஓக்வேனோ சிரித்து முடித்ததும் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

"சரிம்மா. நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு மில்லு தெறப்பான். அப்ப உனக்கு எப்படித் தெரியும்?"

குவின்டர் தலையைச் சொறிந்தாள்.  அப்போது மீன் காயப்போடும் வலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எந்திரம் இல்லாமலே கரை முழுவதும் கேட்கும் குரல்.

"கேக்கணும்! வேற எப்படித் தெரியும்? கூரையில சுத்துற கிண்ணத்தக் கேக்குற, ஏரியில நிக்குற மனுஷனக் கேக்க மாட்டியா? தெக்கால காத்து தீவுக்காரனத் தாண்டித்தானே நம்மகிட்ட வரணும். அவனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தெரியுமே!"

நியார் செமே முன்னால் வந்தாள். கையில் மீன் செதில்.

"இன்னொண்ணு. என் குரல்ல எது போனாலும் மொதல்ல என் காதுக்கு வரணும். நான் சரின்னு சொன்னாத்தான் மத்தவனுக்குப் போகணும். நான் வேணாம்னா வேணாம். சம்மதமா?"

"சம்மதம்மா" என்றாள் குவின்டர்.

"சும்மா வர மாட்டேன். கம்பெனியில எனக்குப் பங்கு வேணும்."

"யாவா, அடக் கடவுளே!" என்று ஓக்வேனோ தலையில் கை வைத்தார். "இனிமே காத்துகூட இவகிட்ட வெல பேசிட்டுத்தான் வீசணும்!"

அப்படித்தான் கம்பெனி இரண்டாம் தடவை தொடங்கியது. வெளித்தீவுகளில் ஒன்பது மீனவர்கள் தினமும் மூன்றரை மணிக்குக் கண்ணால் பார்த்ததைப் போனில் சொல்வார்கள். குவின்டரின் நிரல் அதையும் காற்றுமானிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, நியார் செமேயைக் கூப்பிடும். காற்றுமானிகளைத் துடைத்துப் பார்க்க மாதம் ஒருமுறை குவின்டரே போவாள். படகில் ஏறினால் வாந்தி எடுப்பாள் என்பதால் மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு போவாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. நியார் செமே என் நாற்காலியில் பாதித் தலை பின்னியபடி இருந்தாள். போன் வந்தது. காதில் வைத்துக் கேட்டாள். உடனே சரி என்று சொல்லவில்லை. தீவிலிருந்த ஒருவனைத் தானே கூப்பிட்டாள். "நெஜமா? எவ்வளவு தூரத்துல? ஒம் புள்ள மேல சத்தியமா?" என்றாள். பிறகு கண்ணாடியில் என்னையே பார்த்தபடி, "எல்லாருக்கும் விடு" என்று பின்னறையில் இருந்த குவின்டரிடம் சொன்னாள்.

அன்று வானம் வெளுத்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் படகுகளை மேலே இழுத்தார்கள். முன்பே கிளம்பிய இரண்டு படகுகள் பாதி வழியில் போன் கேட்டுத் திரும்பின. ஆறரைக்குக் காற்று வந்தது. எதிர்க்கடைக் கூரையின் தகரம் மட்டாட்டு நிறுத்தத்தைத் தாண்டிப் பறந்ததைப் பார்த்தேன். ஏரி எழுந்து, பக்கத்துத் தீவுக்குப் போகும் பாலத்தின்மேல் அடித்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குவின்டர் ஒவ்வொரு கரையாகக் கூப்பிட்டு எத்தனை படகு, எத்தனை ஆள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசிக் கரையும் சொல்லி முடித்தபின் காலணியைக் கழற்றிவிட்டு என் பெஞ்சில் நீட்டிப் படுத்தாள்.

மறுநாள் காலையில் யாராவது வந்து நன்றி சொல்வார்கள் என்று நான் வாசலைக் கூட்டி வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் மீன் போனதைப் பற்றியே புலம்பினார்கள். ஒருவன் தன் வீட்டுத் தகரம் பறந்ததற்குக் கம்பெனி என்ன செய்யும் என்று கேட்டான்.

"பாரு இவனுங்கள" என்றேன். "ஒருத்தன் வாயிலயாவது ஒரு நல்ல வார்த்த வருதா?"

குவின்டர் டீயில் மண்டாசிப் பணியாரத்தைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். "பேசட்டும்க்கா. பேசறதுக்கு எல்லாரும் இருக்காங்கல்ல" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மண்டாசியை யாரும் தின்று நான் பார்த்ததில்லை.

நைரோபிக்காரர்கள் திரும்ப வரவில்லை. பணம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்தது. முதலில் கை தூக்கியவர் ஓக்வேனோ. இப்போது இரும்புக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ், பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். என் பின்னறையில் மறுபடியும் சவுரிமுடி மட்டும்தான். இயக்குநர் கூட்டத்துக்கு நியார் செமே மீன் தொட்டியோடு வருவாள். படிக்கட்டில் ஏறும்போதே கூட்டம் தொடங்கிவிடும்.

எல்லைக்கு அந்தப்பக்கம், தான்சானியாக் கரைகளிலிருந்தும் கேட்டார்கள். அங்கே சுவாஹிலி வேண்டும். நியார் செமேயின் சுவாஹிலி மளிகைக் கடையைத் தாண்டாது. அதனால் போன மாதம் குவின்டர் அங்கே இருக்கும் முசோமாவுக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். மீன் சந்தையில் இரண்டு நாள் சுற்றினோம். அவள் மீனைப் பார்க்கவே இல்லை. யார் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டாம் நாள் மத்தியானம், ஐஸ் வியாபாரி ஒருவனை ஒரு குண்டுப் பெண்மணி வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, குறைந்த ஐஸைத் திரும்ப எடை போட்டான்.

குவின்டர் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அந்தப் பெண்மணியின் முன்னால் போய் நின்று, ரொம்பப் பணிவாக, "அம்மா, உங்க குரல் வேணும். அதப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?" என்றாள்.

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொதல்ல மீன வாங்கு, அப்புறம் பேசு. நின்னு வேடிக்க பாக்குறதுக்கு இதென்ன கல்யாண வீடா?"

அந்த அம்மாளின் சம்மதத்தோடும் பதினைந்து கிலோ மீனோடும் ஊர் திரும்பினோம். பஸ்ஸில் யாரும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை.